மலையை மறைத்த ஷோகேஸ்

இன்டீரியர் டிசைனர் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: அந்த வேலை ஊரில் எல்லோருக்கும் தெரியும், செய்ய வந்தவருக்குத்தான் தெரியாது. வீட்டுக்காரர், அவருடைய மச்சான், பக்கத்து வீட்டு ரிடையர்டு தாசில்தார், பெயின்ட் அடிக்க வந்தவர், எல்லோரிடமும் அலமாரி எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். நீங்களும் வீட்டில் மர வேலை வைத்துவிட்டு, மரத்தூளில் மூன்று மாதம் தும்மிக்கொண்டு, சமையலறையில் பாய் போட்டுப் படுத்தவரானால் நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பக்கம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அதே அளவு அவஸ்தைப்பட்டாள் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அப்பாவின் சங்கடம்

மெட்ராஸில் இன்டீரியர் டிசைன் டிப்ளமோ முடித்து, அங்கேயே ஓர் ஆபீசில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மற்றவர்கள் யோசித்ததைச் சுத்தமாகக் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. எனக்கும் யோசனைகள் இருந்தன, யாரும் கேட்கவில்லை. எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. வேங்கிக்கால் பக்கம் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாக எழும்பிக்கொண்டிருந்தது. அத்தனை வீட்டுக்கும் உள்பக்கம் என்று ஒன்று இருந்தாக வேண்டுமே என்ற தைரியத்தில் தொண்ணூற்றொன்றில் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை வியாபாரம், வெளியூர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை. அவர் கோபப்படவில்லை. இரண்டு வருஷம் பார்க்கச் சொன்னார். அதற்குள் தொழில் நிற்கவில்லை என்றால் அவருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்துவிட வேண்டும். ஒப்புக்கொண்டேன். அது கௌரவமான வேலைதான். ஆனால் ஆயுசு முழுக்க வாழைப்பழமும் பூந்தொட்டியும் வரையச் சொல்லித் தருவதை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வரும். அப்பாவின் சங்கடம் வேறு மாதிரி. "வசந்தி, நீ படிச்சத நான் ஒண்ணும் குறை சொல்லல. மண்டிக்கு வர்றவங்க உம் பொண்ணு இன்னா பண்றானு கேக்கறாங்க. வூட்டுல சாமான எங்க வைக்கணும்னு சொல்றானு சொன்னா, அதுக்கு எதுக்குப்பா மெட்ராஸு, எங்க வூட்டுல தினம் அதுக்குத்தான் சண்டைன்றாங்க."

முன் சீட்டு மரியாதை

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை பிடித்தேன். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ். வரைபடங்களைச் சுருட்டி வைக்க நீளமான கறுப்புக் குழாய் ஒன்று, தோளில் மாட்டிக்கொள்வேன். எவ்வளவு கூட்டமானாலும் கண்டக்டர் யாரையாவது எழுப்பி எனக்கு முன் சீட்டில் இடம் பிடித்துத் தருவார். தொழில் தொடங்கி மூன்றே மாதத்தில் இவ்வளவு மரியாதையா என்று எனக்கே பெருமையாக இருந்தது. வீட்டில்கூட ஒன்றிரண்டு முறை சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஓர் ஆவணி மாதக் காலை, பஸ் முழுக்கப் பட்டுப்புடவையும் தட்டு வரிசையும். கண்டக்டர் வழக்கம்போல இடம் பிடித்துக் கொடுத்து, குழாயைப் பத்திரமாக வாங்கி மேலே வைத்துவிட்டு, அக்கறையாகக் கேட்டார்: "இன்னிக்கு பெரிய முகூர்த்தமாச்சே அக்கா, உங்க செட்டு தவில்காரரு முன்னாடியே போயிட்டாரா?"

மரத்துக்குப் புரிகிற பாஷை

எனக்கு வாய்த்த ஆசாரி தணிகாசலம். நாற்பது வயது. வேலை கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் வேலை ஒரு டாக்டர் வீட்டுப் புத்தக அலமாரி. மெட்ராஸ் பழக்கத்தில் எல்லா அளவையும் மில்லிமீட்டரில் போட்டு வரைபடத்தை நீட்டினேன். அவர் அதை நன்றாகவே படித்தார். படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் அதே இடம், அதே உட்காரல்.

எங்கள் ஊர் ஆசாரிகளுக்கு அடி, அங்குலம், அதற்குக் கீழே நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதற்குக் கீழே அவர்கள் போக மாட்டார்கள், கேட்டால் கைவாகு என்பார்கள். நான் விடவில்லை, படிப்பு அப்படி, அளவு துல்லியமாக இருக்க வேண்டாமா என்று நின்ற இடத்தில் ஒரு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டு முடித்தார். "மில்லிமீட்டர்ல சொன்னா மெட்ராஸ் மரத்துக்குப் புரியும். இது நம்மூரு மரம், நூல்ல சொல்லும்மா."

உள்ளே இருந்த தாமரை

என் பாணி என்ன என்று கேட்டால் ஒரே சொல்லில் சொல்வேன்: கம்மி. சாமான் கம்மி, வேலைப்பாடு கம்மி, துடைக்கும் நேரம் கம்மி. தணிகாசலத்தின் பாணி தாமரை. கதவா, தாமரை. கட்டிலா, தலைமாட்டில் தாமரை. ஒரு முறை மருந்து வைக்கிற சின்னப் பெட்டிக்கும் பென்சிலால் தாமரை போட்டு வைத்திருந்தார். ஒரு பேங்க் மேனேஜர் வீட்டு அலமாரிக்கு, "கதவில் கோடுகூட இருக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். மழமழவென்று கண்ணாடி மாதிரி ஒரு கதவு செய்து மாட்டினார். எனக்கு அவர் திருந்திவிட்டார் என்று சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து மேனேஜரின் மனைவி கூப்பிட்டனுப்பினார். தணிகாசலத்தையும் கூட்டிக்கொண்டு போனால், அலமாரியைத் திறந்து காட்டுகிறார். கதவின் உள்பக்கம், கண் மட்டத்தில், எட்டு இதழோடு பூத்திருக்கிறது. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. தணிகாசலம் ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் சொன்னார்: "இவ்ளோ அழகா செஞ்சிட்டு யாராவது உள்ள ஒளிச்சி வைப்பாங்களா? கதவ திருப்பி மாட்டிக் குடுங்க."

நாலடிக் கடை

உங்களுக்கு எங்கிருந்து யோசனை வருகிறது என்று கேட்பவர்கள் ஏதாவது வெளிநாட்டுப் புத்தகத்தின் பெயரை எதிர்பார்ப்பார்கள். எனக்கு யோசனை வந்தது கோயில் வாசல் பக்கம் இருந்த பூஜைச் சாமான் கடையிலிருந்து. அகலம் நாலடி. கடைக்காரர் காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானம் சாப்பிடத்தான் எழுந்திருப்பார். தேங்காய், கற்பூரம், திரி, ஊதுபத்தி, நெய் விளக்கு, சில்லறைப் பெட்டி எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டும். அடிக்கடி வேண்டியது முட்டிக்குப் பக்கத்தில், எப்போதாவது வேண்டியது தலைக்கு மேல். ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஆக்கிரமிப்பு அளக்க நகராட்சியிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன்.

அந்தக் கணக்கை வைத்து ஒரு லாட்ஜ்காரர் வீட்டுச் சமையலறையை அமைத்தேன். அடுப்பின் முன் நின்றால் இரண்டடி நகராமல் ஒரு சமையலை முடித்துவிடலாம். இன்றும் அந்தச் சமையலறையைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. லாட்ஜ்காரரின் மனைவி ஒரு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டு மனதாரப் பாராட்டினார். "வேலை சீக்கிரமா முடியுது, கால் வலியே இல்ல. ஆனா ஒண்ணு, எங்க வூட்டுக்காரரு உள்ள வந்தா அஞ்சு ரூபாய்க்கு கற்பூரம் குடுன்னு கேக்கறாரு."

மேற்குச் சுவர்

இப்படி அலமாரியும் சமையலறையுமாக ஓடியதே தவிர, முழு ஹால் ஒன்று கைக்கு வரவில்லை. அப்பா கொடுத்த கெடு தை மாதத்தோடு முடிகிறது. ஆடியில் வேங்கிக்காலிலிருந்து சுலோசனா சிஸ்டர் வந்தார். நர்ஸ், அதனால் தெருவுக்கே சிஸ்டர். வீடு கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஹாலை முழுக்க என் இஷ்டத்துக்குச் செய்யச் சொன்னார். அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள், சிஸ்டர் வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். நான்கு வீடு கிடைத்தால் நான் இந்த ஊரில் டிசைனர். கிடைக்காவிட்டால் வாழைப்பழம், பூந்தொட்டி.

ஹாலின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். அதன் முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் மடிக்காத துணி ஒரு குவியல். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். மேற்கு வெயில் ஹாலுக்குள் வரக் கூடாது என்பது மெட்ராஸில் எனக்குக் கற்பித்த முதல் பாடம். அந்த ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் பலகை அடித்து, சுவர் முழுக்கத் தேக்கில் ஒரு ஷோகேஸ் வரைந்தேன். என் பாணியில், கோடு கோடாக, அலட்டல் இல்லாமல். வரைபடத்தைக் காட்டி, இந்த ஜன்னலைத் திறக்கிறது உண்டா என்று முறைப்படி கேட்கவும் கேட்டேன். சிஸ்டர் துணிக் குவியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க தொறக்கறதும்மா, நாலு மணிக்கு மேல மூஞ்சிலயே அடிக்குது வெயிலு, மூடிட்டா புண்ணியமாப் போகும்."

ஆறு மணி

தணிகாசலம் நாற்பது நாள் உழைத்தார். தாமரை ஒன்றுகூட இல்லை, உள்பக்கமும் தடவிப் பார்த்துவிட்டேன். ஐப்பசியில் வேலை முடிந்தது. சிஸ்டருக்கு ரொம்பத் திருப்தி. கார்த்திகை தீபத்தன்று சொந்தக்காரர்களையும் அந்த மூன்று வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார். என்னையும் அழைத்தார். நான் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு முறை என் வேலையைப் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. அப்பா ஷோகேஸைத் தடவிப் பார்த்தார், ஒரு கதவைத் திறந்து மூடினார், சத்தமே வரவில்லை என்று வியந்தார். மூன்று வீட்டு அம்மாக்களும் சுற்றி நின்று மெச்சினார்கள். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவது. அதுவரை அகல் எண்ணெயும் திரியுமாகக் காத்திருக்கும். சிஸ்டர் ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக மேற்குச் சுவருக்கு வந்தார். மூன்று வருஷமாக அந்த ஜன்னலில் நின்று மலையைப் பார்த்துத்தான் முதல் விளக்கை ஏற்றியிருக்கிறார். வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அந்த நாற்காலி நகரும், அந்த ஜன்னல் திறக்கும். கால் தானாகவே அவரை அங்கே கொண்டு வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. எனக்கும்.

தெருவில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரே முழக்கம், பட்டாசு. ஹாலில் இருந்த அத்தனை பேரும் மாடிப்படிக்கு ஓடினார்கள். மூன்று வீட்டு அம்மாக்கள் ஓடினார்கள். அப்பாவும் ஓடினார். எரியாத அகல் வரிசைக்கு நடுவில் நானும் சிஸ்டரும் மட்டும். நானும் இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள்தான். கீழ்பென்னாத்தூர் வீட்டு மாடியிலிருந்து அந்தச் சுடரைப் புள்ளியாகப் பார்த்த பிறகே அம்மா விளக்கேற்றுவாள். அப்படிப்பட்ட நான், மெட்ராஸ் பாடத்தை நம்பி மலையின் மேல் பலகை அடித்திருந்தேன். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஷோகேஸை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். கையில் தீக்குச்சியோடு கேட்டார்: "தீபம் ஏத்திட்டாங்களானு இனிமே உன் ஷோகேஸத்தான் கேக்கணுமா?"

பத்தாம் நாள்

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, டிராயிங் டீச்சர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தணிகாசலத்தின் வீட்டு வாசலில் நின்றேன். மலைத் தீபத்தைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றுவார்கள், பதினொரு நாள் எரியும். அது அணைவதற்குள் அந்த ஜன்னல் திறக்க வேண்டும் என்றேன். நாற்பது நாள் வேலையைப் பிரிப்பதா என்று அவர் குதித்தார், நான் அங்கேயே நின்றேன். அரை மணி நேரம் கழித்து உளிப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பலகையைக் கழற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன், செய்வது சரி என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

வெறுமனே பிரித்துவிட்டு வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே இடுப்பளவில் நீளமான அலமாரி, அதன் மேல்தட்டு அகல் வரிசை வைக்கிற அகலத்துக்கு. இரண்டு பக்கமும் ஒல்லியாகக் கொஞ்சம் தட்டு. நடுவில் ஜன்னல் மட்டும். வெயிலுக்கு வெளியில் ஒரு சாய்வுத் தட்டி, கயிற்றை இழுத்தால் மேலே போய்விடும். மடிக்காத துணிக்கும் ஒரு பெட்டி செய்தேன், அது இல்லாமல் எந்த வீடும் நடக்காது. பழைய ஷோகேஸைவிட இது நன்றாக இருந்தது. அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, நன்றாகவே இருந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்தவர், வெள்ளைப் புடவையைக்கூட மாற்றவில்லை. தட்டியை மேலே தூக்கினேன். ஆறு மணிக்கு உச்சியில் சுடர் எழுந்தது. அவர் தீக்குச்சியைக் கிழித்து முதல் அகலை ஏற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் தட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க வந்திருந்தது, மூன்று வீட்டு அம்மாக்களும் வாசலில். சிஸ்டர் அவர்கள் பக்கம் திரும்பினார்: "தைரியமா குடுங்க வேலைய. இந்தப் பொண்ணு நல்லா கட்டுவா. தப்புனு தெரிஞ்சா அதவிட நல்லா பிரிப்பா."

முதல் கேள்வி

மூன்று வீடும் வந்தன. மாசியில் நான்காவதாக ஒன்று. பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ டீச்சராகச் சேர்ந்தார்கள், அவருக்கு என் நன்றி. அப்போதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் டேப்பை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பேன்: தீபத்தன்று ஆறு மணிக்கு இந்த வீட்டில் யார் யார் எங்கே நிற்பீர்கள்? அந்தப் பதிலைச் சுற்றித்தான் மற்ற எல்லாம். வேலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் வேலை வந்தபோது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன், பொங்கலுக்கு எங்கே பானை வைப்பீர்கள், பெண் பார்க்க வந்தால் யாரை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று. தினமும் நடப்பதை எல்லோரும் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் நடப்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலைப் பிள்ளைகள் பெற்றோருக்கு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், ஹால் எப்படி இருக்க வேண்டும் என்று லேப்டாப்பில் கலர் கலராகப் படமே போட்டு எடுத்து வந்திருந்தார். மலைப் பக்கச் சுவர் முழுக்கப் பெரிய டிவி. என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தீபம் இப்போதெல்லாம் டிவியிலேயே நேரடியாகக் காட்டுகிறார்களே மேடம், இன்னும் கிட்டத்தில் தெரியும் என்றார். சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்த அவர் அம்மா டம்ளரோடு ஹாலுக்கே வந்துவிட்டார்: "அவன் டிவில பாத்துக்கட்டும். நான் கையில வெளக்க வச்சிக்கினு அந்தப் பொட்டிக்கா அரோகரா போடறது? நீ ஜன்னல எழுதிக்கோம்மா."

ஆக, அவஸ்தைப்பட்ட அன்பர்களே, வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுச் செய்தால் ஒரு தடவையும், சொல்ல மறந்ததைக் கேட்காமல் செய்தால் இரண்டு தடவையும் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் இன்டீரியர் டிசைன் என்று பெயர்.